அண்ணாச்சி பட்டறை: ‘நாற்காலி’ என்ற வார்த்தையை அடித்துவிட்டு எழுது, மக்கா

(பாளையங்கோட்டையில் மரச்சாமான், இரும்புச்சாமான் பட்டறை நடத்துகிறவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

கட்டில் ஆடுகிறது, கதவு மழைக்கு ஊதிவிட்டது என்று வழக்கமாக வரும் கடிதங்களை இந்தத் தடவை ஓரமாக வைத்துவிட்டேன். பள்ளிகளில் புராஜெக்ட் சீசன் தொடங்கிவிட்டது. வந்த தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: டிசைன் பிரீஃப். அதாவது, ஒரு பொருளைச் செய்யத் தொடங்கும் முன் அது யாருக்கு, என்ன தொந்தரவைத் தீர்க்க என்று எழுதி வைக்கிற குறிப்பு. கண்காட்சிக்கு மார்க் போட என்னைக் கூப்பிடும் பள்ளிகளில் நானும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். செய்த பொருள் பளபளப்பாக இருக்கும். ‘இது யாருக்கு, தம்பி?’ என்று கேட்டால் பையன் மேலே ஃபேனைப் பார்ப்பான். அதனால் இந்த இதழ் முழுக்க இதுவே.

முக்கூடலில் இருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி:
அண்ணாச்சி, எங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினைக்குத் தீர்வு கண்டுபிடித்துச் செய்து காட்ட வேண்டும் என்று புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் டிசைன் பிரீஃப் எழுத வேண்டும். எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார். அதனால் இப்படி எழுதினேன்: ‘பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலியைப் போக்க, நவீனமான, அழகான, மலிவான, பயன்படுத்த எளிதான, சுற்றுச்சூழலுக்கு உகந்த ஒரு நாற்காலியை வடிவமைப்பதே என் நோக்கம்.’ மிஸ் சிவப்புப் பேனாவால் சுழித்து, ‘இது பிரீஃப் இல்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன தப்பு?

விஷயத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் இல்லை, மக்கா. ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். தினமும் பார்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். ‘உலகத்தில் தண்ணீர்ப் பஞ்சம்’ என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது.

தப்பு ‘நாற்காலி’யில் இருக்கிறது. அந்த வார்த்தையை எழுதின நிமிஷமே டிசைன் முடிந்துபோனது. இனி நீ யோசிக்க மிச்சம் இருப்பது கால் எவ்வளவு உயரம், முதுகுப் பலகை எவ்வளவு சாய்வு, இவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்காலி வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அம்மா சொன்ன மாதிரி உன் கடிதத்தில் இல்லை.

அடுத்தது அந்த ‘நவீனமான, அழகான, மலிவான’ வரிசை. அதை வெட்டி எடுத்து எந்தக் குக்கர் டப்பாவின் மேலும் ஒட்டிவிடலாம். மலிவு என்றால் எவ்வளவு? உனக்கு ஐந்நூறு ரூபாய் மலிவாகத் தெரியலாம். அது உன் அம்மாவுக்கு எத்தனை பீடி என்று அவரிடமே கேட்டுப் பார்.

இன்றைக்குப் பள்ளி விட்டு வந்ததும் ஒரு நோட்டோடு அம்மா பக்கத்தில் போய் உட்கார். யோசனை எதுவும் சொல்லாதே. சும்மா பார். என் அத்தை வீட்டிலும் இதே வேலைதான் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன் வீட்டில் கொஞ்சம் மாறலாம்.

அத்தை தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவார். சொளகு (முறம்) மடியில். சொளகின் ஒரு ஓரத்தில் புகையிலைத் தூள் குவிந்திருக்கும், இன்னொரு பக்கம் தகடு வைத்து வெட்டின இலை ஈரத்துணிக்குள் இருக்கும். இலையை எடுத்து, தூளை வைத்து, சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கி முடிக்கிற வரைக்கும் கண் சொளகை விட்டு நகராது. வாய் மட்டும் பக்கத்தில் இருக்கிற மைனியோடு பேசிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் உட்காருவார்கள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அந்த வேலையை நாள் முழுக்கப் பார்க்க முடியாது என்பார் அத்தை.

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இலையும் தூளும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். கொடுத்த எடைக்குக் கணக்காகப் பீடி திரும்ப வர வேண்டும். தூள் சிந்தினால் நஷ்டம் சுற்றுகிறவருக்கு. சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்த நஷ்டமும் அவருக்குத்தான்.

இப்போது உன் நாற்காலியைக் கொண்டுவந்து அந்தத் தார்சா நடுவில் போடு. மற்றவர்கள் தரையில், உன் அம்மா மட்டும் மேலே. முதல் நாள் உனக்காக உட்காருவார். இரண்டாம் நாள் அதில் துவைத்த துணி கிடக்கும்.

இன்னொரு விஷயம். ‘முதுகுவலி’ என்று எழுதியிருக்கிறாய். எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாயா? என் அத்தையைக் கேட்டால் பிடரியைத்தான் தொடுவார். சொளகு மடியில் அவ்வளவு கீழே இருந்தால் தலை குனிந்தேதான் இருக்கும். நாற்காலியில் தூக்கி வைத்தாலும் சொளகு மடியோடுதான் வரும், கழுத்தும் குனிந்தபடியேதான் இருக்கும். உன் அம்மாவுக்கு இடுப்பிலேயே வலி இருக்கலாம். அப்படியென்றால் முழுக்க வேறு வேலை. அம்மா உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் இருந்து சொளகு வரை டேப் பிடித்து அளந்துகொள். மடியில் இருந்து தரை வரை ஓர் அளவு. எத்தனை தடவை எழுந்திருக்கிறார், எழும்போது சொளகை எங்கே வைக்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்.

ஜெய்ப்பூர் கால் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1968-இல் பி.கே. சேத்தி என்ற டாக்டரும் ராம் சந்திரா என்ற கைவினைக்காரரும் உருவாக்கியது. அதற்கு முன்பும் செயற்கைக்கால் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஷூ போட்டு நடக்கிற, நாற்காலியில் உட்காருகிற ஊருக்காகச் செய்தது. நம் ஆட்களுக்கோ குத்தவைக்க வேண்டும், சம்மணம் போட வேண்டும், வெறுங்காலோடு வயல் சகதியில் இறங்க வேண்டும். இந்தத் தேவைகளை முன்னால் வைத்துக்கொண்டு செய்ததால்தான் அந்தக் கால் நின்றது. ‘கால் இழந்தவர்களுக்கு நவீனமான, எளிதான கால்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் பழைய காலே போதுமானதாகத் தோன்றியிருக்கும்.

சரி, நீ திருப்பி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும். எண்களும் வலிக்கிற இடமும் நான் மாதிரிக்குப் போட்டவை, உன் வீட்டில் பார்த்து மாற்றிக்கொள்:

‘என் அம்மா தினமும் தார்சாவில் தரையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார். பக்கத்து வீட்டு அத்தையும் கூட உட்காருகிறார். மதியத்துக்கு மேல் இருவருக்கும் பிடரியும் தோளும் வலிக்கின்றன. அம்மாவின் கண்ணுக்கும் சொளகுக்கும் நடுவில் 60 சென்டிமீட்டர் இருக்கிறது. இலையின் நரம்பு தெரிவதற்காகக் குனிகிறார். தரையில் உட்கார்ந்தபடியே, கூட இருப்பவரோடு பேசிக்கொண்டே, கழுத்தைக் குறைவாகக் குனிந்து சுற்ற அவர்களுக்கு ஒரு வழி வேண்டும். இப்போது இருக்கும் சொளகையே பயன்படுத்த வேண்டும். தூள் சிந்தக் கூடாது. அம்மா ஒரு கையால் நகர்த்தக்கூடிய எடைதான் இருக்கலாம். இரவில் சுவரோரம் ஒரு சாண் இடத்துக்குள் அடங்க வேண்டும். செலவு 300 ரூபாய்க்குள். இருவரும் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்ப்பார்கள். ஒரு நாளில் சுற்றும் பீடி குறையக் கூடாது. வாரக் கடைசியில் நான் சொல்லாமல் அவர்களே எடுத்து வைத்துக்கொண்டால் இது வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.’

இதில் பொருளின் பெயரே இல்லை, கவனித்தாயா? சொளகுக்கு அடியில் வைக்கிற தாங்கியாக வரலாம். முதுகுக்கு அண்டை கொடுக்கிற பலகையாக வரலாம். வெளிச்சம்தான் பிரச்சினை என்றால் தார்சாவில் விளக்கை இடம் மாற்றுவதோடே முடிந்துபோகலாம். ‘பீடி குறையக் கூடாது’ என்ற வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதே. வலி பாதியாகி, கூலியும் பாதியானால் அதை எந்த அம்மாவும் தொடமாட்டார்.

அந்த வேலையே உடம்புக்குக் கேடு, அதை விட்டுவிடச் சொல்லக் கூடாதா என்று உன் வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் ஒரு டெர்ம் புராஜெக்ட் அதற்குப் பதில் சொல்ல முடியாது. உன் ஒரு பக்கக் குறிப்புக்குள் எது அடங்கும் என்று தெரிந்து எழுதுவதும் பிரீஃபில் சேர்ந்ததுதான்.

கே.டி.சி. நகரில் இருந்து ஒரு தகப்பனார்:
ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கையை நீட்டினால் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி செய்கிறான். கிட் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதில் எல்லாமே இருக்கிறது. இப்போது பிரீஃபும் எழுத வேண்டும் என்கிறார்கள். கிட்டுக்குப் பொருந்துகிற மாதிரி எப்படி எழுதலாம்?

தாலி கட்டி முடித்த பிறகு பெண் பார்க்கப் போகக் கூப்பிடுகிறீர்கள், சார்.

உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் குப்பைத்தொட்டியை நான் மார்க் போடப் போகிற ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்க்கிறேன். ஒரு அர்டுயினோ போர்டு (புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன எலெக்ட்ரானிக் அட்டை), ஒரு அல்ட்ராசானிக் சென்சார், ஒரு சின்ன மோட்டார். சென்சார் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துக் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. பையன் அதைப் படிப்பது நல்லதுதான். அது எலெக்ட்ரானிக்ஸ் பாடம். டிசைன் பாடத்தில் அவனிடம் கேட்பது வேறு.

எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்ததே, அதற்கு அப்புறம் வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஆற்றோரம் வீடு, ‘அண்ணாச்சி, தண்ணி புகாத பீரோ ஒண்ணு செஞ்சு தாங்க’ என்றார். ஆறடி இரும்பு பீரோவில் தண்ணீர் புகாமல் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கதவு இடுக்கு முழுக்க ரப்பர் வைத்தாலும் இரண்டு வருஷத்தில் அது விறைத்துப்போகும். நான் விலை சொல்லவில்லை. அந்த ராத்திரி என்னென்ன போச்சு என்று கேட்டேன். துணி நனைந்தது, காய்ந்துவிட்டது. பாத்திரத்துக்கு ஒன்றும் இல்லை. பத்திரம், ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட், இவைதான் கூழாகிப் போனவை. அதுவும் மேல் தட்டில் இருந்தவை. சாவி கிடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். அப்புறம் அவரே யோசித்துச் சொன்னார்: ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில், சாவி தேடாமல், அவர் மனைவி ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற மாதிரி ஏதாவது வேண்டும். கடைசியில் பட்டறையில் செய்ய வேண்டியதே இருக்கவில்லை. மூடி இறுக்கமாகப் பூட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கி, படிக்கட்டுப் பக்கம் மாட்ட இரும்புக் கொக்கி மட்டும் அடித்துக் கொடுத்தேன். வியாபாரம் போச்சு என்று என் மகன் இன்னும் சொல்லிக் காட்டுவான்.

உங்கள் மகனை அவன் பள்ளியில் மதியச் சாப்பாடு முடிகிற நேரத்தில் தட்டுக் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். ஒரு கையில் தட்டு, மறு கையில் தண்ணீர் பாட்டில், மூடியைத் திறக்கக் கை இல்லை. அதனால் மூடியை யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள், காக்கா குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு நிஜமான பிரீஃப் இருக்கலாம். அதை எழுதி முடித்தபின் அவனுடைய சென்சார் அதற்குச் சரிப்படுமா என்று பார்க்கட்டும். ஈரமும் எச்சிலும் தெறிக்கிற இடத்தில் அந்தச் சென்சார் எத்தனை நாள் தாங்கும், பேட்டரியை யார் மாற்றுவார்கள் என்ற கேள்வி வரும். காலால் மிதிக்கிற பெடலே போதும் என்று முடிவானால் கிட் வீட்டு அலமாரிக்குப் போகட்டும். காசு போய்விட்டதே என்று அவன் மேல் கோபப்படாதீர்கள். வாங்கிக் கொடுத்தது நீங்கள்தானே.

களக்காட்டில் இருந்து எட்டாம் வகுப்பு மாணவன்:
பிரீஃபைத் தமிழில் எழுதலாமா? இங்கிலீஷில் எழுதினால்தான் மார்க் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

உன் பள்ளி எந்த மொழியில் கேட்கிறதோ அதில் கொடு. ஆனால் முதல் நோட்டு, பயன்படுத்தப்போகிறவர் பேசுகிற மொழியில் இருக்கட்டும். அவர் சொன்னதை அவர் வாய் வார்த்தையாகவே எழுதிக்கொள். ‘பிடரி விறைச்சிப் போவுது’ என்று ஒருவர் சொன்னதை ‘உடல் அசௌகரியம்’ என்று நீ நாகரிகமாக மாற்றும்போது பிடரி காணாமல் போய்விடுகிறது. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டு. ‘ஆமா, இதுதான்’ என்று அவர் சொன்ன பிறகு எந்த மொழிக்கு வேண்டுமானாலும் கொண்டுபோ.

பத்தமடையில் இருந்து பதினோராம் வகுப்பு மாணவி:
எங்கள் ஆச்சி கோரைப்பாய் நெய்கிறார். ‘பாரம்பரியக் கைவினைக்குப் புது வடிவம்’ என்பது எங்கள் தலைப்பு. ‘அழிந்து வரும் பத்தமடைப் பாய்க் கலையைக் காப்பாற்ற லேப்டாப் பை’ என்று பிரீஃபைத் தொடங்கினேன். ஆச்சியிடம் சொன்னால் சிரிக்கிறார்.

ஆச்சி சிரித்ததைப் பிரீஃபின் முதல் குறிப்பாக எழுதிக்கொள்.

காப்பாற்றுவது பெரிய காரியம், தங்கச்சி. ஒரு பையால் அது ஆகாது, ஒரு பிரீஃபிலும் அடங்காது. யார் காசு கொடுத்து அந்தப் பையை வாங்கப்போகிறார்? அவரைப் பார்த்தாயா? பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பெண்ணா, சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறவரா, ஊருக்கு வந்து ஞாபகத்துக்கு வாங்கிப் போகிறவரா? மூன்று பேருக்கும் மூன்று பிரீஃப். ஒருவரைப் பிடி, போய்ப் பேசு.

அதே அளவுக்குப் பொருளிடமும் கேள். ஆச்சி பாயை எப்போதும் சுருட்டித்தானே வைக்கிறார்? கோரைத் தண்டு வளையாமல் நீட்டமாகவே இருக்கிற பக்கமாகச் சுருட்டினால்தான் அது முறியாது. கோரைக்குக் குறுக்கே மடித்து மடித்துத் திறந்தால் அந்த மடிப்பில் புல் உடையும். பைக்கு மூடி வேண்டும், மூடி தினமும் மடியும். அந்த மடிப்பு எந்தப் பக்கம் வரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் நீ வரைகிற எந்தப் படத்தையும் ஆச்சி நெய்ய முடியாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் என்ன ஆகும், சாயம் உடுப்பில் ஒட்டுமா, ஆச்சியின் தறியில் எவ்வளவு அகலம் வரும், ஒரு பைக்குத் தேவையான துண்டை நெய்ய அவருக்கு எத்தனை நாள் ஆகும், அந்த நாளுக்கு அவருக்கு என்ன கூலி. கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958-இல் நம் அரசாங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய டிசைன் நிறுவனம் வந்ததற்கு அடிப்படை அதுதான். அதில் அவர்கள் வியந்து எழுதியிருப்பது மாளிகையையோ சிலையையோ அல்ல, நம் வீட்டுச் செம்பை. செம்பை இன்றைக்குப் புதிதாக ஒருவர் வடிவமைப்பதாக இருந்தால் என்னவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள்: எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கை எப்படிப்பட்டது, தலையிலா இடுப்பிலா கையிலா, காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும், நிறைந்தால் எப்படி, வாய் எவ்வளவு அகலம் இருந்தால் உள்ளே கைவிட்டு விளக்கலாம், கல்லில் தட்டினால் என்ன சத்தம் வரும், என்ன விலை, உடைந்த பிறகு அந்த உலோகத்துக்கு என்ன கிடைக்கும். பாய்க்கு நீ இப்படி ஒரு பக்கம் எழுது. பாதிக் கேள்விக்கு ஆச்சியே பதில் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. உங்கள் ஊரில் கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வரும்போது ஆச்சி என்ன கேட்பார் என்று கவனித்திருக்கிறாயா? பெண் பேர், மாப்பிள்ளை பேர், கல்யாணத் தேதி, நீளம் அகலம், என்ன நிறம், எவ்வளவு நைசாக வேண்டும், என்றைக்குள் வேண்டும். நீ சொன்ன லேப்டாப் பையில் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. வேறு எதற்குச் சிரித்தார் என்று நினைக்கிறாய்?

நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து ஓர் ஆசிரியை:
எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எல்லோருடைய பிரீஃபையும் திருத்தி மார்க் போட வேண்டும். எவ்வளவு நீளம் கேட்பது? நல்லது எது, சுமார் எது என்று எப்படிப் பிரிப்பது? பிரீஃப், ஸ்பெசிஃபிகேஷன் இரண்டும் ஒன்றுதானா?

நீளம் ஒரு பக்கம், டீச்சர். அதற்கு மேல் போனால் கூகுளில் இருந்து இறக்கியது என்று அர்த்தம்.

ஸ்பெசிஃபிகேஷன் வேறு. இங்கிலாந்தில் 1990-இல் ‘டிசைன் அண்ட் டெக்னாலஜி’ தேசியப் பாடத்திட்டத்தில் வந்தது. அங்கே இதைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: முதலில் சூழ்நிலை, அதில் இருந்து பிரீஃப், தகவல் திரட்டிய பிறகு ஸ்பெசிஃபிகேஷன். என்ன தொந்தரவைத் தீர்க்கப் போகிறேன் என்பது பிரீஃப். தீர்வு இன்ன அளவு, இன்ன எடை, இவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிற மாதிரி எழுதுவது ஸ்பெசிஃபிகேஷன். முக்கூடல் பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்ததில் இரண்டும் கொஞ்சம் கலந்துதான் கிடக்கிறது. எட்டாம் வகுப்புக்கு அந்தக் கலப்பால் குடி முழுகிவிடாது. ஒன்பது, பத்தில் பிரித்துக் கேளுங்கள்.

மார்க் போட எனக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. ஒரு குழுவின் பிரீஃபை, எழுதினவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வேறு மூன்று குழுவிடம் கொடுங்கள். பத்து நிமிஷத்தில் ஆளுக்கொரு தீர்வு பென்சிலால் வரையட்டும். மூன்றும் வேறு வேறாக வந்து, ‘அட, மூன்றுமே ஆகும் போலிருக்கிறதே’ என்று எழுதினவர்கள் சொன்னால் அது நல்ல பிரீஃப். மூன்றும் அச்சாக ஒன்றே போல வந்தால் பொருளின் பெயர் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ‘ஐயோ, இது ஆகாது, அவங்க வீட்டில கரண்டே கிடையாதே’ என்று எழுதினவர்கள் கத்தினால், அதைப் பேப்பரில் எழுத விட்டுவிட்டார்கள். அந்த இடத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நாற்பது பேரையும் நீங்கள் ஒருத்தியாகத் திருத்த வேண்டியதில்லை. சத்தம் வரும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

திருத்தும்போது அடைமொழியையெல்லாம் பென்சிலால் அடித்துப் பாருங்கள். ‘அழகான’, ‘சிறந்த’, ‘நவீன’, ‘பயனுள்ள’. அடித்த பிறகு என்ன மிச்சமோ அதற்குத்தான் மார்க். சிலருக்கு ஒன்றுமே மிஞ்சாது. அவர்களைத் திரும்ப ஆளைப் பார்க்க அனுப்புங்கள், ஃபெயில் போட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. ‘ஊரில் பிரச்சினை கண்டுபிடி’ என்றதும் பிள்ளைகள் கேமராவோடு போய்க் கஷ்டப்படுகிறவர்கள் முன்னால் நிற்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, பேரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். செய்த பொருளை அவர்களிடம் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் புராஜெக்டில் ஒரு பாகமாக இருக்கட்டும். கண்காட்சி முடிந்ததும் எல்லாம் பள்ளி ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடப்பதைப் பார்த்துச் சலித்துவிட்டது.

திசையன்விளையில் இருந்து பத்தாம் வகுப்பு மாணவன்:
ஆச்சி கருப்பட்டி காய்ச்சும்போது வரும் புகையைக் குறைப்பது என்று பிரீஃப் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அடுப்பின் மாதிரியைப் பாதி செய்த பிறகு ஆச்சி, ‘புகை கெடக்கட்டும்ல, பாகைச் சிரட்டையில ஊத்துறதுக்குள்ள கை வெந்து போவுது, அதுக்கு ஒரு வழி பண்ணு’ என்கிறார். இனிமேல் பிரீஃபை மாற்றலாமா? மார்க் குறைக்க மாட்டார்களா?

தாராளமாக மாற்றலாம். ஆனால் நைசாக மாற்றாதே. பழைய பக்கத்தைக் கிழிக்காமல், மாற்றுகிற வரியை ஒரே கோடாக அடி. பக்கத்தில் தேதி போடு, ஆச்சி சொன்னதை அவர் சொன்னபடியே எழுது, சாரிடம் இன்னொரு கையெழுத்து வாங்கு. மாதிரி செய்து காட்டியதால்தானே ஆச்சிக்கு வாய் திறந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் ‘ஒண்ணும் வேண்டாம், நீ படி’ என்று அனுப்பியிருப்பார். அதையும் எழுது. நான் மார்க் போடுகிறவனாக இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் கூடுதலாகத்தான் போடுவேன்.

பாதி செய்த அடுப்பைத் தூக்கி எறியாதே. புகையும் சூடும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன. பாகு ஊற்றும்போது ஆச்சியின் கை அடுப்பின் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு காய்ச்சு முழுக்க நின்று பார். சிரட்டைகள் தரையில் எவ்வளவு தூரத்தில் அடுக்கியிருக்கின்றன, பாகு இறுகுவதற்குள் எத்தனை சிரட்டை நிரப்ப வேண்டும், அகப்பையின் பிடி எவ்வளவு நீளம் என்று அளந்துகொள். அடித்த வரிக்கு மேல் ஒயிட்னர் மட்டும் பூசிவிடாதே. பழையது படிக்கத் தெரிய வேண்டும்.